தீபாவளிக்குக் காட்டுக்குப் போனோம்

எங்கள் பக்கத்தில் தீபாவளியன்று வெளியூர் போகிறவர்கள் குறைவு. பத்து மாதம் வெடி செய்து லாரி லாரியாக அனுப்பிவிட்டு, கம்பெனி பூட்டிய பிறகு கிடைக்கிற ஓய்வில் வீட்டோடு கிடப்பதுதான் வழக்கம். கறி எடுத்து, பலகாரம் சுட்டு, நாங்களும் நாலு சரம் வெடிப்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே ஒரு தீபாவளிக்கு மட்டும் நானும் என் வீட்டுக்காரரும் மகளும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனோம். சுற்றிப் பார்க்கிற ஆசையில் போனதில்லை. வெடிச் சத்தம் கேட்காத இடம் தேடிப் போனோம்.

என் வீட்டுக்காரர் சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். நானும் அதே கம்பெனிதான், பேக்கிங் பிரிவு. நாங்கள் அந்தக் காட்டுக்குப் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், சீசன் நேரத்தில், வெடிக்குள் மருந்து செலுத்தும் அறை ஒன்று வெடித்தது. மூன்று பேர் போய்விட்டார்கள். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள். என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி மற்ற மூன்று பேரை இழுத்துப் போட்டார். அதில் அவருக்கு இரண்டு கையும் வெந்து, இடது காது கேட்காமல் போனது.

கைகள் ஐந்து மாதத்தில் ஆறிவிட்டன. தோல் மட்டும் இழுத்துக் கட்டியதுபோல் பளபளவென்று இருக்கும். ஆறாதது வேறு. குக்கர் விசில் அடித்தால் நடுங்குவார். ரோட்டில் டயர் வெடித்தால் சுவர் ஓரமாக உட்கார்ந்து கொள்வார், சட்டை நனைந்துவிடும். வேலைக்குப் போகவில்லை, கம்பெனி இருக்கும் பக்கமே திரும்பவில்லை. பேச்சும் குறைந்து போனது. சாப்பிட்டீகளா என்றால் தலையாட்டுவார். விபத்து நடந்த வருஷத் தீபாவளி ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. மறுவருஷத் தீபாவளிக்கு மூன்று நாள் உள்ளறையில் போர்வையைப் போர்த்திக் கிடந்தார். எங்கள் தெருவில் பிள்ளைகளை வெடிக்க விடாமல் பெரியவர்கள் பார்த்துக் கொண்டார்கள். ஆனால் ஊர் முழுக்க யார் போய்ச் சொல்வது? அதுவும் எங்கள் ஊரில்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கோபம் இருந்திருக்காது. வேலை முடிந்து வந்து சமைத்து, அவர் முகத்தைப் பார்த்தபடி பேச்சில்லாமல் சாப்பிட்டு முடிப்பது ஒரு பாரமாக இருந்தது. பக்கத்து வீட்டில், "பாவம், நல்ல மனுசன்," என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

மகள் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள். அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது போன் செய்தாள்.

"அம்மா, காட்டுக்குள்ள யாரும் வெடி போட முடியாது. காலைல உள்ள கூட்டிட்டுப் போயி சாயந்தரம்தான் வெளிய விடுவாக. கொஞ்சம் நடக்கணும், மூங்கில் தெப்பத்துல ஏரில போகணும். அப்பா வருவாகளான்னு கேளு."

"நீயே கேளு," என்று போனை அவருடைய வலது காதில் வைத்தேன்.

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்கன சத்தம் இருக்காதா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். இருக்காது என்றாள் போல. "சரித்தா," என்றார்.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் கிளம்பினோம். மகள் கோயம்புத்தூரிலிருந்து நேரே வந்துவிடுவதாக ஏற்பாடு. நாங்கள் இருவரும் சிவகாசியில் பஸ் ஏறி, தேனியில் மாறி, மலை ஏறி எல்லை தாண்டி இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே ஊர் ஊராக வெடித்துக் கொண்டிருந்தார்கள். காதில் பஞ்சை வைத்து, அதற்குமேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் உட்காராமல் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஆட்டோ பிடித்துப் பூங்கா வாசலுக்குப் போய்விட்டோம். தீபாவளித் துணி மகள் எடுத்து வந்திருந்தாள். அவருக்குச் சாம்பல் நிறத்தில் சட்டை, எனக்கு மண் நிறத்தில் சுடிதார். காட்டுக்குள் வெள்ளையும் சிவப்பும் போட்டால் மிருகங்கள் மிரளுமாம். நாற்பத்தேழு வயதில் நான் முதல்முறை சுடிதார் போட்டது அன்றைக்குத்தான். நடந்தால் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. இரண்டு தடவை இடுப்பில் முந்தானையைத் தேடினேன். மகள் சிரித்தாள். அவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

எங்களோடு பெங்களூரிலிருந்து வந்த நான்கு இளவட்டங்கள். கூட்டிப் போக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல தமிழ் பேசினார், இடையிடையே மலையாளம் வந்து விழும். அவரோடு தோளில் துப்பாக்கி மாட்டிய ஒரு காவலர். அவர் மலையாளம் மட்டும்தான்.

முதலில் எங்களை வரிசையாக நிற்க வைத்து வழிகாட்டி கேட்டார்: "தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட் எது இருந்தாலும் இங்க வச்சிடுங்க. செண்டு போட்டிருந்தா கழுவிட்டு வாங்க. உள்ள போனா மிண்டக்கூடாது. மிண்டுறதுன்னா பேசுறது. கையசைச்சா நிக்கணும்."

பெங்களூர்ப் பையன்களில் ஒருவன் பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து வைத்தான். என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே கைகளை அகல விரித்து நின்றார். கம்பெனி வாசலில் தினமும் காலையில் அப்படித்தான் நிற்போம், செக்யூரிட்டி பையைத் தடவிப் பார்ப்பார். இங்கே யாரும் தடவவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கையை இறக்கிக் கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரைக்கும் கட்டிக்கொள்ள ஒரு துணி உறை கொடுத்தார்கள். குனிந்து கயிற்றை முடிச்சுப் போட அவருடைய விரல்களால் முடியவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து கட்டிவிட்டாள்.

காட்டுப் பாதை எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரிசல் பாதை மாதிரி இல்லை. கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது. முதல் நாள் பெய்த மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக் கொண்டிருந்தது. காவலர் முன்னால், வழிகாட்டி அவருக்குப் பின்னால், அப்புறம் நாங்கள். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு அதுவரை தெரிந்த அமைதி, ஏதோ ஒன்று நின்றுபோன பிறகு வருகிற அமைதிதான். மெஷின் நின்ற பிறகு, மின்சாரம் போன பிறகு. இங்கே அப்படி இல்லை. பூச்சி கத்துகிறது, தண்ணீர் சொட்டுகிறது, எங்கேயோ ஒரு பறவை ரம்பம் அறுப்பதுபோல் கூப்பிடுகிறது. ஆனாலும் அமைதியாக இருந்தது.

ஒரு இடத்தில் வழிகாட்டி கையைத் தூக்கினார். மேலே பார்க்கச் சொன்னார். உயரமான மரத்தில், எங்கள் வீட்டுப் பூனையை விடப் பெரிய அணில் ஒன்று, பாதி உடம்பு கறுப்பும் பாதி செம்பழுப்புமாக, வால் கிளையிலிருந்து தொங்க, எதையோ கொறித்துக் கொண்டிருந்தது. தோலைப் பிய்த்துக் கீழே போட்டது. அது என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஒரு பாறையில் இளைப்பாற உட்கார்ந்தபோது, அவர் காவலரின் துப்பாக்கியையே பார்த்துக் கொண்டிருப்பதைக் கவனித்தேன். மெதுவாக வழிகாட்டியிடம் கேட்டார்: "அத வெடிப்பாகளா?"

வழிகாட்டி அதைக் காவலரிடம் மலையாளத்தில் கேட்டார். காவலர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"இவர் வேலைக்கு வந்து ஒம்பது வருஷமாச்சாம். ஒருதடவைகூட வெடிச்சதில்லையாம். தொடச்சு வைக்கிறதுதான் வேலையாம்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அதன் பிறகு காவலருக்குப் பக்கத்திலேயே நடந்தார்.

ஏரிக்கரையில் தெப்பங்கள் கட்டியிருந்தன. தடித்த மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி, நடுவில் உட்கார மூங்கிலாலேயே பலகை. உயிர்க்காப்பு உடை மாட்டிவிட்டார்கள். ஒரு தெப்பத்தில் வழிகாட்டியோடு நாங்கள் மூவரும், இன்னொன்றில் காவலரும் பெங்களூர்க்காரர்களும். நான் ஏறியதும் தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்து, மூங்கில் இடுக்கில் தண்ணீர் ஏறிக் கால் நனைந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் நீச்சல் அடிக்கிற அளவுக்கு வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் கிடக்கிறது? பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஏரிக்குள் நூற்றுக்கணக்கான மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிய காடாம். கிளையெல்லாம் போய், அடிமரம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. அதன் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

வழிகாட்டி ஒரு துடுப்பை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் தன் கைகளைக் காட்டினார், முடியாது என்பதுபோல. வழிகாட்டி அந்தக் கைகளை ஒருமுறை பார்த்தார். துடுப்பின் பிடியில் தன் தோள் துண்டைச் சுற்றித் தடிமனாக்கி மறுபடியும் நீட்டினார். இந்த முறை வாங்கிக்கொண்டார். முதலில் தண்ணீரை அடித்தார், தெப்பம் சுற்றியது. பிறகு பிடிபட்டது. அரை மணி நேரம் நிறுத்தாமல் போட்டார். அவர் முதுகை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு வருஷமாக நான் பார்த்தது கட்டிலில் சுருண்டு கிடந்த முதுகுதான்.

நீர்நாய்களைப் பார்த்தது அப்போதுதான். கரையோரச் சேற்றில் ஐந்தாறு ஒன்றன்மேல் ஒன்று புரண்டு கொண்டிருந்தன. தெப்பத்தைக் கண்டதும் தண்ணீருக்குள் விழுந்து, கொஞ்ச தூரத்தில் தலையை மட்டும் நீட்டி எங்களைப் பார்த்தன. ஒன்று மீனோடு மேலே வந்தது. மீனை முன்னங்கால் இரண்டிலும் பிடித்து, பிள்ளைகள் மக்காச்சோளம் தின்பதுபோல் தலையிலிருந்து கடித்துத் தின்றது. அந்தக் கடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி வலது காதை அந்தப் பக்கம் திருப்பினார். அவராக ஒரு சத்தத்தைக் கேட்க விரும்பித் திரும்பியதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மதியம் ஒரு மேட்டில் தெப்பங்களைக் கட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பொட்டலச் சாப்பாடு, சப்பாத்தியும் குருமாவும். அங்கே பேசலாம் என்று வழிகாட்டி அனுமதித்தார். எந்த ஊர் என்று கேட்டார்கள். மகள் சிவகாசிப் பக்கம் என்றாள். பெங்களூர்ப் பையன்களுக்குச் சிரிப்பு. தீபாவளியும் அதுவுமாகச் சிவகாசிக்காரர்கள் காட்டிலா என்றார்கள். மகள் சட்டென்று பேச்சை மாற்றி, அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினாள்.

ஆனால் வழிகாட்டிக்கு அந்த ஊர்ப் பெயர் சந்தோஷமாக இருந்தது. "உங்க ஊர்ச் சரக்கு எங்கிட்டயும் இருக்கே," என்று தன் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். நூல் சுற்றிய தடித்த வெடிகள் நான்கு. "ஆனை வழில நின்னு போக மாட்டேன்னா இத ஒண்ணு போடுவோம். ஓடிப்போகும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த சப்பாத்தி அப்படியே நின்றது. முகம் வெளிறிவிட்டது. நான் வழிகாட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, முடிச்சைக் கட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. அவரு கையப் பாத்தேன், அடுப்புல ஏதோன்னு நெனச்சேன்."

"நீங்க அத இன்னைக்குப் போட வேண்டி வருமா?"

"எப்பவாச்சும்தான். வராது."

சாப்பிட்ட பிறகு மேட்டுக்கு மேலே புல்வெளி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். தூரத்தில் காட்டெருமைகள் மேய்ந்து கொண்டிருந்தன, நாலு காலுக்கும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், எங்கள் தெப்பங்கள் கட்டிக்கிடந்த இடத்துக்கு ஐம்பதடி தள்ளி யானைகள் நின்றன. ஏழு. அதில் ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கடியில் நின்று கொண்டிருந்தது. கோயில் யானையைத் தவிர வேறு யானை நான் பார்த்ததில்லை. கோயில் யானை நம்மைப் பார்த்தால் காசுக்குத் துதிக்கையை நீட்டும். இவை எங்களைப் பொருட்படுத்தவே இல்லை.

வழிகாட்டி எங்களை ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தார். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் யானைகளுக்கு வாடை போகாது என்று சைகையில் சொன்னார். காத்திருந்தோம். யானைகள் தண்ணீர் குடித்தன, சேற்றை வாரி முதுகில் போட்டன. அரை மணி போனது. கிழக்கே வானம் கறுத்தது. இடி முழங்கியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார், ஆனால் எழுந்து ஓடவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

வழிகாட்டியும் காவலரும் ரகசியமாகப் பேசிக் கொண்டார்கள். எனக்குப் புரிந்த வரை, மழை கனத்தால் ஏரியில் காற்றடிக்கும், தெப்பம் விட முடியாது, இருட்டுவதற்குள் அக்கரை போயாக வேண்டும். வழிகாட்டி என் பக்கத்தில் குனிந்து வந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு போட்டுத்தான் ஆகணும் போல. அவரக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போய்க் காதப் பொத்திக்கிடுங்க."

நான் எழுவதற்குள் என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். "அதக் குடுங்க, பாப்போம்."

வழிகாட்டி என்னைப் பார்த்தார். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வழிகாட்டி ஒரு வெடியைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். திரியை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார், முனையை நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"இதப் போடாதீக."

"ஏன்?"

"திரி நமத்துருக்கு. பத்த வச்சா பாதி தூரம் போயி நின்னாப்புல தெரியும். உள்ள நெருப்பு கனிஞ்சுகிட்டே கெடக்கும். அணைஞ்சு போச்சுன்னு நீங்க பக்கத்துல போயிக் கையில எடுப்பீக. அப்பத்தான் வெடிக்கும். நாலையும் காட்டுங்க."

நாலையும் பார்த்தார். நாலும் அப்படித்தான் என்றார். குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அது கம்பெனியில் அவர் பேசுகிற குரல். அந்தக் குரலில் அவர் சொன்னால் அறைகளில் இருக்கிற பெண்கள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

வழிகாட்டி மறுபேச்சுப் பேசாமல் வெடிகளை முடிந்து வைத்தார். "அப்ப அதுகளாப் போனாத்தான் போகணும்," என்றவர், காவலரிடம் போய் மலையாளத்தில் சொன்னார்.

மழையில் உட்கார்ந்திருந்தோம். மகள் கொஞ்சம் தள்ளி அந்தப் பையன்களோடு ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் இருந்தாள். நானும் அவரும் மரத்தை ஒட்டி, நான் அவருடைய வலது பக்கம். அப்போதுதான் சொன்னார். யானைகளைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோல.

"அன்னைக்கு அந்த ரூம்ல ஆறு பேரு இருந்தாக."

வெடித்த அறையைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

"நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாது. வாசல்ல நின்னு பாத்தேன். ஆறு பேரு. கேட்டுல லோடு ஏத்துறாக, கையெழுத்துப் போடணும்னு கூப்பிட்டாக. சரி, போயிட்டு வந்து ரெண்டு பேரக் கௌப்பி விட்ருவோம்னு போனேன். பத்து நிமிசம் இருக்கும்."

எனக்கு மழைக் குளிர் அப்போதுதான் உறைத்தது. "நீங்க சொல்லியிருந்தா மட்டும் கேட்டுருப்பாகளா? ஆர்டர் நெருக்குற நேரம்," என்றேன். அவரைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"கேட்டுருப்பாக. நான் சொன்னா கேப்பாக."

அது உண்மை. செத்துப்போன என் பள்ளித் தோழி அந்த ஆறு பேரில் எத்தனையாவது ஆள், அவர் கிளப்பிவிட இருந்த இரண்டு பேரில் ஒருத்தியா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தத் தோலில் மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடியது. அவர் அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் நீர் வந்தது, மழையில் அது யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு வருஷமாக நான் கோபப்பட்டது எதன்மேல் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஏன் என்னிடம் முன்னாடியே சொல்லவில்லை என்ற கோபம் புதிதாக வந்தது.

யானைகள் எப்போது கிளம்பின என்று சரியாகத் தெரியவில்லை. இன்னும் முக்கால் மணி ஆகியிருக்கலாம். பெரிய யானை ஒன்று முதலில் திரும்பியது. மற்றவை அதன் பின்னால் சத்தமே இல்லாமல் போயின. அவ்வளவு பெரிய உடம்பு நடந்து போவது எங்களுக்குக் கேட்கவில்லை. குட்டி சேற்றில் ஒருமுறை வழுக்கி விழுந்தது. பின்னால் வந்தது அதைத் துதிக்கையால் தள்ளி எழுப்பிவிட்டது. கடைசி யானை மூங்கில் புதருக்குள் மறைந்த பிறகும் பத்து நிமிஷம் வழிகாட்டி எங்களை அசைய விடவில்லை.

மழை குறைந்திருந்தது. தெப்பத்தில் திரும்பும்போது எல்லோருமே துடுப்புப் போட்டோம், நானும் போட்டேன். காற்று எதிரே வந்ததால் கை விட்டுப்போனது. அக்கரை சேர்ந்து நடந்து வாசலுக்கு வரும்போது மணி ஆறு ஆகிவிட்டது. என் கழுத்தில் ஒன்று, மகளின் காலில் மூன்று என்று அட்டைகளைப் பிய்த்து எறிந்தோம். பெங்களூர்ப் பையன்களில் ஒருவன் வந்து, "தேங்க்ஸ் அங்கிள்," என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வழிகாட்டி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே கேட்டார்: "இந்த மலைல எதுவும் காஞ்சு கெடக்காது. வெடிய எப்பிடித்தான் வைக்கிறது?"

என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்தார். ஈரம் வாங்கும் துணி முடிச்சில் வைக்காதீங்க. சட்டைப் பையில், இடுப்பில் வைக்கவே வைக்காதீங்க, உடம்பு வேர்வை போதும் அதைக் கெடுக்க. இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையின் நடுவில் துணிக்குள் வையுங்க. நமத்ததை அடுப்புப் பக்கம் வைத்துக் காய வைக்கக் கூடாது, திரும்பக் கொடுத்துவிடணும். நமத்த வெடியைக் காட்டில் புதைத்தால் பன்றி தோண்டிக் கடிக்கும். இப்படிப் பத்து நிமிஷம். வழிகாட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். துப்பாக்கிக் காவலரும் பக்கத்தில் வந்து நின்று, புரிந்ததோ புரியவில்லையோ, கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ரூமுக்குத் திரும்பும்போது ஊருக்குள் வெடி தொடங்கிவிட்டது. எங்கள் ஜன்னலுக்குக் கீழேயே ஒரு ஆயிரம் வாலாச் சரத்தை விட்டார்கள். அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள் கதவைத் தட்டி, "அப்பா, சாப்பிட வாங்க," என்று பலமுறை கூப்பிட்டாள். "வாரேன், வாரேன்," என்றார், வரவில்லை. முந்தின வருஷம் அந்தப் பதில்கூட வந்ததில்லை. சத்தம் ஓய்ந்த பிறகு வெளியே வந்து, ஆறிப்போன பரோட்டாவைத் தின்றார்.

ஊருக்கு வந்த பிறகு, கார்த்திகை பிறந்ததும் கம்பெனி திறந்தது. நான் வேலைக்குப் போனேன். வருகிறீர்களா என்று அவரைக் கேட்டேன். இல்லை என்றார். இப்போதும் போகவில்லை. போகவும் மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செத்துப்போன மூன்று பேர் வீட்டுக்கும் ஒவ்வொரு நாளாகப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஒரு வீட்டில் அவரை உள்ளே விடவில்லை என்று மட்டும் வேறு ஆள் மூலம் எனக்குத் தெரிய வந்தது. அங்கே மறுபடியும் போனார். என் தோழியின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவளுடைய மாமியார் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வெம்பக்கோட்டை டேமுக்குப் போயிட்டு வருவோமா?" என்றார். அவராக ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டவுன் பஸ்ஸில் போனோம். நல்ல மழை பெய்திருந்ததால் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. கரையில் நடந்துபோய் ஒரு கருவேல மர நிழலில் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் ஒரு பறவையும் வரவில்லை. அப்புறம் இரண்டு நீர்க்காகங்கள் வந்து இறங்கின. ஒன்று முங்கி வெகு தூரம் தள்ளி எழுந்தது.

"அங்கன பாரு," என்றார்.

பார்த்தேன். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தோம்.